பிள்ளைகள் பேசப் பழக ஒரு வலையொலி



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒக்லாந்தில் நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் நான் நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி மேடைக்கு வந்தாள். தலைப்பு, தாய்மொழியின் சிறப்பு. முதல் ஒரு நிமிடம் மழையாகப் பொழிந்தாள். பிறகு ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டாள். முன்வரிசையில் இருந்த தகப்பன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரியை உதட்டசைவில் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைக்கு அது பிடிபடவில்லை. மண்டபம் முழுவதும் அமைதி. கண் கலங்கியபடி இறங்கிப் போனாள்.

போட்டி முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது அதே பிள்ளையைக் கண்டேன். தான் மேடையில் தடுமாறியதைத் தன் மச்சாள்மாருக்குக் கையையும் காலையும் ஆட்டி, நடுவர்களான எங்களுடைய முகங்களையும் செய்து காட்டி, ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் எல்லாம் சரியாக வந்தது.

அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியும். மேடையில் அவள் சொன்னது அவளுடைய பேச்சாக இருக்கவில்லை, அவ்வளவுதான். தகப்பன் எழுதியதை மகள் மனனம் செய்திருந்தாள். என் கையில் இருந்த புள்ளித் தாளிலும் ‘மனனம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு நானும் புள்ளி போட்டேன். ஆகவே பிழை அந்தத் தகப்பனுடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான்.

இந்த மாதம் நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். பிள்ளைகளை மேடைக்கு ஏற்றுவதற்கு முன்பு, அவர்களுடைய சொந்தக் குரலை அவர்களே கேட்கும்படி செய்வது எப்படி? அதற்கு வலையொலி, அதாவது பிள்ளைகள் பொட்காஸ்ட் என்று சொல்வது, எப்படி உதவும்?

வானொலியில் தொடங்கிய பழக்கம்

எங்களில் பலர் பேசாமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள். சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், பேருந்தில் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, தொலைபேசியில் ஊர்ப் புதினம் கதைக்கக் கூடாது என்று வளர்ந்தோம். அகதி விண்ணப்பம் செய்தபோதோ நிலைமை தலைகீழாகியது. முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்கு, இன்னொருவருடைய மொழிபெயர்ப்பின் வழியாக, வாழ்க்கை முழுவதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் தெரியாததன் விலை என்னவென்று எங்கள் குடும்பங்களுக்குத் தெரியும். அதனால்தான் பிள்ளை நன்றாகப் பேச வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நல்ல தமிழ் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை எங்கள் தலைமுறை கற்றது பெரும்பாலும் வானொலியில்தான். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சியும், ‘வானொலி மாமா’ என்று எல்லோரும் அழைத்த சரவணமுத்துவும் எத்தனையோ பிள்ளைகளை ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் உச்சரிப்பைப் பின்பற்றிப் பேசிப் பார்க்காதவர் எங்களில் குறைவு. கேட்டோம், சொல்லிப் பார்த்தோம், மீண்டும் கேட்டோம். எங்கள் பள்ளிக்கூடம் அதுதான்.

ஆனால் எங்களால் செய்ய முடியாமல் போன ஒன்றும் உண்டு. எங்கள் குரலை நாங்கள் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவி இருந்த வீடுகள் ஊரில் மிகச் சில. இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அது இருக்கிறது.

ஒக்லாந்துப் பள்ளி ஒன்றின் அனுபவம்

‘பொட்காஸ்ட்’ என்ற சொல்லை 2004 பெப்ரவரியில் பிரித்தானியாவின் ‘கார்டியன்’ பத்திரிகையில் பென் ஹமர்ஸ்லி என்பவர் எழுதினார். 2005 ஜூனில் அப்பிள் நிறுவனம் தன்னுடைய ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளைச் சேர்த்த பிறகு அது உலகமெங்கும் பரவியது. கிட்டத்தட்ட அதே காலத்தில் எங்கள் ஒக்லாந்திலேயே, கிளென் இன்ஸ் பக்கத்தில் உள்ள பொயின்ற் இங்லண்ட் ஆரம்பப் பள்ளியில், மாணவர்களின் வலையொலி ஒன்று தொடங்கியது. ஆசிரியை டொரதி பேர்ட் இதில் முன்னின்று உழைத்தார். ‘கோரெரோ பொயின்ற் இங்லண்ட்’ என்று அதற்குப் பெயர். கோரெரோ என்றால் மாவோரி மொழியில் பேச்சு. நாங்கள் ‘கதை’ என்று சொல்வோமே, அதற்கு நெருங்கிய சொல்.

அந்தப் பள்ளியின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் மாவோரி, பசிபிக் தீவுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வருமானம் குறைந்த பகுதி. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்ற நிலை அங்கும் உண்டு. நியூசிலாந்து எழுத்தாளர்களின் சிறுவர் நூல்களை வாசித்து, அவற்றைப் பற்றித் தங்கள் கருத்தைப் பிள்ளைகள் பதிவுசெய்தார்கள். அந்த வட்டாரப் பள்ளிகள் பின்னர் ‘மனையாகலனி’ என்ற திட்டத்தில் ஒன்றுசேர்ந்தன. கற்றல், படைத்தல், பகிர்தல் என்ற மூன்றும்தான் அதன் வழிமுறை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் மூன்று. பிள்ளை தான் வாசித்து அறிந்த ஒன்றைப் பற்றிப் பேசியது. பேச்சு சிறியதாக இருந்தது. வகுப்பறைக்கு வெளியிலும் அதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பேச்சுப் போட்டிகளில் முதலாவது பெரும்பாலும் இருப்பதில்லை. மூன்றாவது ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது.

எங்கட மலை எது?

போட்டியில் தடுமாறிய பிள்ளையின் தாயார் பிறகு என்னோடு கதைத்தார். சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒலிப்பதிவு செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். எதைப் பற்றிப் பேசுவது? அதைப் பிள்ளையே கொண்டுவந்தாள்.

இங்கு பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் ‘பெபெஹா’ கற்பிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாவோரி மரபில் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும்போது பெயரை முதலில் சொல்வதில்லை. என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது, என் குலம் இது என்று சொல்லி, அதன் பிறகுதான் தன் பெயருக்கு வருவார். பிள்ளை அதற்காகத் தன் அப்பப்பாவிடம் கேட்டிருக்கிறாள்:

“அப்பப்பா, எங்கட மலை எது?”

“எங்களுக்கு மலை இல்லை பிள்ளை.”

“அப்ப ஆறு?”

“ஆறும் இல்லை. மழை பெய்தால் வழுக்கையாறு ஓடும். பிறகு வத்திப் போகும். எங்களுக்குக் கிணறுதான்.”

அவர் வலிகாமத்தைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் செம்மண் தோட்டங்கள் செய்தார்கள். துலாவில் ஆட்கள் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். இதையெல்லாம் அப்பப்பா ஒரு மணி நேரம் சொன்னாராம். அந்த வீட்டில் அவர் அவ்வளவு நேரம் ஊரைப் பற்றிக் கதைத்தது அதுவே முதல் தடவை என்று தாயார் சொன்னார்.

“அதையே சொல்லு” என்றேன். எங்கள் முதல் ஒலிப்பதிவு அப்படித்தான் வந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி.

செய்யும் முறை

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்காக எங்கள் முறையைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வி கேளுங்கள். பிள்ளை சொன்னதிலிருந்து ஐந்தே ஐந்து சொற்களை ஒரு சிறிய அட்டையில் பிள்ளையே எழுதட்டும். கிணறு, துலா, பட்டை, வாய்க்கால், விடியல். இவ்வளவுதான் குறிப்பு. தமிழ் எழுத வராத பிள்ளை படம் கீறிக்கொள்ளலாம். வசனத்தை எழுதினால் பிள்ளை அதை வாசிக்கும். சொல்லை மட்டும் எழுதினால் வசனத்தைத் தானே கட்ட வேண்டிவரும். பேச்சு என்பது அந்தக் கட்டும் வேலைதான்.

இரண்டாவது, இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு செய்தி, ஓர் உதாரணம், ஒரு முடிவு என்பதற்கு அது போதும்.

மூன்றாவது, இடம். கைத்தொலைபேசியே போதும், விலை கூடிய கருவி தேவையில்லை. வெறும் சுவர் உள்ள அறையில் எதிரொலி வரும். உடுப்புகள் தொங்கும் அலுமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்தபடி பேசினால் துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். தொலைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் முன்னால் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. பதிந்ததை உடனே பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் காதைப் பொத்துவார்கள். “இது என்ர குரல் இல்லை” என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாகக் காதுக்கு வருவதோடு, தலை எலும்புகள் வழியாகவும் உட்காதுக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. ஒலிப்பதிவில் காற்று வழி வந்தது மட்டுமே இருப்பதால் குரல் மெல்லியதாகத் தோன்றுகிறது. மற்றவர்கள் என்றைக்கும் கேட்பது அந்தக் குரலைத்தான். இதை விளக்கிச் சொன்னால் பிள்ளைக்கு வெட்கம் குறையும். மூன்றாம், நான்காம் வாரத்தில் அது பழகிப் போகும்.

ஐந்தாவது, பிழையை நீங்கள் சொல்லாதீர்கள். “உனக்கு எது பிடிக்கவில்லை?” என்று மட்டும் கேளுங்கள். “கடைசியில ஓடிப் போட்டன்”, “எல்லா இடமும் ‘வந்து வந்து’ எண்டு சொல்லுறன்” என்று பிள்ளையே சொல்லும். நாங்கள் பத்துத் தடவை சொல்லியும் திருந்தாத பழக்கம், தன் காதால் ஒரு தடவை கேட்டதும் திருந்துவதைக் கண்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் ஒரு பிழையை மட்டும் எடுங்கள்.

ஆறாவது, வெட்டி ஒட்டாதீர்கள். 2000ஆம் ஆண்டில் வந்த ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருள்களால் தடுமாற்றங்களை வெட்டி எடுப்பது சுலபம். ஆனால் வெட்டினால் திருந்துவது கோப்பு மட்டும்தான். முழுவதையும் முதலிலிருந்து மீண்டும் பேச விடுங்கள். மூன்றாம் தடவையில் பிள்ளை அட்டையைப் பார்க்காது.

உச்சரிப்புக்கு ஒரு சிறிய விளையாட்டும் உண்டு. இங்கு வளரும் பிள்ளைகள் ‘பட்டை’, ‘பால்’ என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் போலக் காற்றை ஊதிவிடுகிறார்கள். ஒலிவாங்கியில் அது ‘டப்’ என்று வெடிக்கும். மெல்லிய தாள் துண்டு ஒன்றை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பகரத்துக்குத் தாள் ஆடும். தமிழ்ப் பகரத்துக்கு ஆடக் கூடாது. தகரம், ககரம் ஆகியவற்றுக்கும் இப்படியே. ழகரம், ளகரம் என்று பயமுறுத்துவதற்கு முன் இதைச் செய்தால் பேச்சில் பாதி அந்நியத்தன்மை போய்விடும்.

வேகத்திலும் கவனம் வேண்டும். ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்பது எங்களுக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொல். ஆங்கில வேகத்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முயன்றால் நடு எழுத்துகள் விழுங்கப்படும். பிள்ளை தமிழில் விழுங்கிப் பேசுவதற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம்.

கேட்பவர் யார்?

ஒலிப்பதிவைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் ஆர்வம் போய்விடும். இரண்டு நிமிட எம்பி3 கோப்பு ஏறத்தாழ 2 மெகாபைட்தான். வாட்ஸப்பில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கும் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கும் அனுப்பலாம். நியூசிலாந்து நேரம் இலங்கை நேரத்தைவிட 6½ மணித்தியாலம் முன்னே, எங்கள் கோடையில் 7½. நேரடி அழைப்பில் ஒருவருக்கு நித்திரை, மற்றவருக்கு வேலை. வலையொலிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கேட்டுவிட்டுத் திரும்பவும் குரலிலேயே பதில் அனுப்பட்டும்.

அடுத்தது வானொலி. நியூசிலாந்தில் சமூக வானொலி 1981இல் வெலிங்டனில் தொடங்கியது. 1989ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் சிறுபான்மையோருக்கும் சிறுவர்களுக்குமான நிகழ்ச்சிகளுக்கு அரச நிதி கிடைக்க வழி செய்தது. அந்தக் கதவு எங்கள் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது.

ஆனால் பெற்றோரே, ஒன்றை மறக்காதீர்கள். வானொலியில் சொன்னது பெரும்பாலும் காற்றோடு போய்விடும். வலையில் ஏற்றியது நிற்கும், யாரும் எங்கிருந்தும் கேட்கலாம். எங்கள் குடும்பங்களில் இன்னும் ஊரில் இருப்பவர்கள் உண்டு. விண்ணப்பம் முடிவாகாதவர்களும் இருக்கலாம். ஆகவே நாங்கள் சில விதிகளை வைத்திருக்கிறோம். பிள்ளையின் முதற்பெயர் அல்லது செல்லப்பெயர் மட்டும். பள்ளியின் பெயர் இல்லை. உறவினரின் பெயரும் கிராமத்தின் பெயரும் இல்லை. வலிகாமம், வன்னி, மட்டக்களப்பு என்று பொதுவாகச் சொன்னால் போதும். யார் எப்படி இந்த நாட்டுக்கு வந்தார் என்பதை அவருடைய சம்மதம் இல்லாமல் பிள்ளை பேசக் கூடாது. வலையில் ஏற்றுவதற்கு முன் வீட்டில் மூத்தவர் ஒருவர் முழுவதையும் கேட்க வேண்டும். குடும்பத்துக்குள் மட்டும் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வதும் நல்ல முடிவுதான். பேச்சுப் பயிற்சிக்கு அதனால் எந்தக் குறைவும் இல்லை.

மேடை வேறு

வலையொலி எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அலுமாரிக்கு முன்னால் நன்றாகப் பேசும் பிள்ளை நூறு பேருக்கு முன்னால் நடுங்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசுவது, கையை எங்கே வைப்பது, யாரோ சிரித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஒலிவாங்கி கற்றுத்தராது. ஆகவே நாங்கள் படிப்படியாகப் போகிறோம். பதிந்து முடித்த பேச்சை முதலில் வீட்டில் நாலு பேருக்கு முன், நின்றபடி, நேரடியாகச் சொல்ல வேண்டும். பிறகு வகுப்பில். அதன் பிறகுதான் மண்டபம். எதைச் சொல்லப் போகிறோம் என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தன் குரலில் பழகிவிட்டதால், மீதியாக இருப்பது மேடைப் பயம் ஒன்றுதான். இரண்டையும் ஒரே நாளில் சுமக்க வேண்டியதில்லை.

இந்த நாட்டில் பேசத் தெரிந்த பிள்ளைக்கு மேடைகள் பல உண்டு. மாவோரி மாணவர்களுக்கான ‘ங்கா மனு கோரெரோ’ பேச்சுப் போட்டி 1965இல் தொடங்கியது. இன நல்லுறவு பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பேசும் ரேஸ் யூனிற்றி பேச்சுப் போட்டி 2001 முதல் நடந்துவருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

அந்தப் பிள்ளை ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து ஒரு சிறிய ஒன்றுகூடலில் பேசினாள். கிணற்றைப் பற்றித்தான். நடுவில் நின்றுவிட்டாள். முன்னைய போட்டி நினைவுக்கு வர என் நெஞ்சு படபடத்தது. அவள் அட்டையைப் பார்த்தாள். “கொஞ்சம் பொறுங்கோ” என்று சபைக்குச் சொல்லிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சபை சிரித்துக் கை தட்டியது. தகப்பன் பின்வரிசையில் இருந்தார். அவர் கையில் தாள் இல்லை.

வீட்டுக்குப் போய் அன்றைய பதிவை அப்பப்பாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முழுவதையும் கேட்ட பிறகு அவர் சொன்னாராம்: “எல்லாம் சரி. ஆனால் துலா மிதிச்சது நானில்லை, என்ர தம்பி. நான் பட்டை பிடிச்சனான்.” அடுத்த சனிக்கிழமை அவள் அதைத் திருத்தி மறுபடியும் பதிந்தாள்.

இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டிலும் தொலைபேசியை எடுத்துவைத்து, வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். எங்கட மலை எது என்றே தொடங்கலாம்.